நடுங்கும் நாற்காலி, ரீங்கரிக்கும் மூக்கு

பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்கோவை நவீன நரம்பியலின் தந்தை என்பார்கள். நடுக்குவாதத்துக்குப் 'பார்க்கின்சன் நோய்' என்ற பெயர் நிலைத்ததும் அவரால்தான். அவரிடம் வைத்தியத்துக்கு வந்த நடுக்குவாதக்காரர்கள் சிலர் விசித்திரமான சேதி ஒன்றைச் சொன்னார்கள். ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கிக்கொண்டு வந்தால் உடம்பு லேசாகிறதாம். இறங்கிய பிறகும் அந்தச் சுகம் கொஞ்ச நேரம் தங்குகிறதாம். அந்தக் காலத்து ரயில் பெட்டியில் ஒரு பகல் உட்கார்ந்து வந்தால் திடகாத்திரமான ஆளுக்கே இடுப்பு கழன்றுவிடும். நோயாளிக்கு மட்டும் அது எப்படி ஒத்துக்கொள்கிறது?

ஷார்கோ இதைப் பிரமை என்று ஒதுக்கவில்லை. ரயிலின் குலுக்கலையே மருத்துவமனைக்குள் கொண்டுவந்துவிட்டார். மின்விசையால் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, நோயாளிகளைத் தினமும் அரை மணி நேரம் அதில் உட்காரவைத்தார். அவர்கள் இரவில் நன்றாகத் தூங்கினார்கள், விறைத்த கைகால்கள் தளர்ந்தன என்று 1892-இல் ஆற்றிய விரிவுரையில் சொன்னார். அவருடைய சீடர் ழில் த லா தூரெத் ஒரு படி மேலே போய், தலையில் மாட்டிக்கொள்ளும் அதிர்வுக் கவசம் ஒன்றையும் செய்துபார்த்தார். 1893-இல் ஷார்கோ காலமானார். நாற்காலியும் ஓரம் கட்டப்பட்டது.

இன்று அந்த நாற்காலியின் பேரன் பேத்திகள் ஊரெங்கும் இருக்கிறார்கள். பெருநகரங்களின் யோகா கூடங்களில் 'சவுண்ட் ஹீலிங்' என்ற பெயரில் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி ஒலிக்கவைக்கிறார்கள். 'கவலை போக்கும் அலைவரிசை', 'ஆழ்ந்த உறக்கத்துக்கான அதிர்வு' என்று யூடியூபில் எட்டு மணி நேரம் ஓடும் காணொளிகள் கொட்டிக்கிடக்கின்றன. இதில் எது மருந்து, எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்க, முதலில் அதிர்வை உடம்பு எப்படி வாங்கிக்கொள்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒலி என்றாலே காற்றின் அதிர்வுதான். நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரை, அதாவது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, காது கேட்கும். ஆனால் அதிர்வை உணர்வது காது மட்டுமல்ல. தோலுக்கு அடியில் வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக அமைந்த நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. ஃபிலிப்போ பச்சீனி என்ற இத்தாலியர் 1830-களில், மாணவராக இருந்தபோதே இவற்றைக் கண்டறிந்ததால் பச்சீனி நுண்ணுறுப்புகள் என்று பெயர். 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வுக்கு இவை அபாரக் கூர்மையோடு விழித்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கி அதில் ஒரு கூறு அளவுக்குத் தோல் அசைந்தாலே போதும், மூளைக்குச் சேதி போய்விடும்.

சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள் பலருக்கு இந்தப் புலனோடு நேரடி அறிமுகம் உண்டு. டாக்டர் இசைக்கவையை உள்ளங்கையில் தட்டி, அதன் காம்பைக் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்பார். "கண்ணை மூடிக்குங்க. அதிர்வு நின்னதும் சொல்லுங்க" என்பார். 128 ஹெர்ட்ஸ் கவை அது. நோயாளி 'நின்றுவிட்டது' என்று சொன்ன பிறகும் டாக்டரின் விரலுக்கு அதிர்வு தெரிந்துகொண்டிருந்தால், பாத நரம்பு மங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதே 128 ஹெர்ட்ஸ் கவையைத்தான் சில ஒலி சிகிச்சைக்காரர்கள் முதுகெலும்பில் வைத்து 'ஆற்றல் அடைப்பு' நீக்குகிறார்கள். நரம்பைச் சோதிக்கும் கருவியாக அது நிரூபணமானது. அடைப்பு நீக்குவதற்கு அப்படி ஒரு சான்றும் கிடையாது.

தோலால் இசை கேட்பவர் என்று சொன்னால் ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனிக்குத் தகும். 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர் அவர். மேடையில் வெறுங்காலோடு நிற்பார். தரை வழியாகவும் வாத்தியத்தின் வழியாகவும் ஏறிவரும் அதிர்வை உடம்பில் வாங்கி வாசிப்பார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் பறையடிப்பவர்களை முன்னின்று நடத்தியவர் அவர்தான்.

காது கேட்பவர்களுக்கும் இது பொருந்துமா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு நடன இசைக் கச்சேரியின்போது வேடிக்கையான சோதனை ஒன்று நடந்தது. காதுக்கு எட்டாத, அல்லது எட்டியும் எட்டாத 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை எழுப்பும் பிரத்யேக ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். ஓடும்போது கூட்டம் சுமார் 12 சதவீதம் அதிகமாக ஆடியது. ஆனால் ஒலிபெருக்கி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று ஆடியவர்களுக்குத் தெரியவே தெரியாது. 2022-இல் வெளிவந்த இந்த முடிவு திருவிழாவில் பறைக்கும் பம்பைக்கும் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. அடி நெஞ்சில் விழும், கால் தானாக எழும். அறிவைக் கேட்காமலே உடம்பு பதில் சொல்லிவிடுகிறது.

ஆகவே தாழ்ந்த அதிர்வு உடம்பைத் தொடுகிறது என்பதில் ஐயமில்லை. அதை வைத்தியமாக ஒழுங்குபடுத்தியவர் நார்வேயின் ஓலாவ் ஸ்கில்லே. கடுமையான உடற்குறையோடு தசைகள் இறுகிக் கிடந்த குழந்தைகளை, ஒலிபெருக்கி பதித்த படுக்கையில் கிடத்தி, மெல்லிசையோடு 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலியைக் கலந்து உடம்புக்குள் செலுத்தினார். 1980-களில் இதற்கு 'அதிர்வொலி சிகிச்சை' என்ற பெயர் ஏற்பட்டது. வலிக்கு அதிர்வு இதமளிப்பதற்கு நரம்பியல் காரணமும் உண்டு. முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது அல்லவா? தொடுகையும் அதிர்வும் தடித்த நரம்பிழைகள் வழியே விரைந்து தண்டுவடத்தை அடைந்து, மெல்லிய இழைகளில் வரும் வலிச் சேதியை வாசலிலேயே மட்டுப்படுத்துகின்றன. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965-இல் முன்வைத்த கோட்பாடு இது. பல் மருத்துவர் மரப்பு ஊசி போடும்போது கன்னத்தைப் பிடித்து ஆட்டுவதும் இந்தத் தந்திரம்தான்.

இனி ஷார்கோவின் நாற்காலிக்கு வரலாம். அதற்கான முறையான பரீட்சை 120 ஆண்டு கழித்து, சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 23 நடுக்குவாத நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினார்கள். எல்லோரும் சாய்வு நாற்காலியில் தினமும் அரை மணி நேரம், நான்கு வாரம் உட்கார்ந்தார்கள். காதில் இயற்கை ஒலிகள் ஒலித்தன. ஒரு பிரிவுக்கு நாற்காலி அதிர்ந்தது, மற்றதற்கு அதிரவில்லை. அதிர்ந்தவர்களின் உடல் இயக்கம் தெளிவாக மேம்பட்டது. அதிராதவர்களுக்கும் அதே அளவு மேம்பட்டது! 2012-இல் வெளியான இந்த முடிவைத் 'தோல்வி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது சரியான வாசிப்பாகத் தோன்றவில்லை. தினம் அரை மணி நேரம் ஓரிடத்தில் சாய்ந்து, இதமான ஒலியைக் கேட்டு, 'நமக்கு வைத்தியம் நடக்கிறது' என்ற நம்பிக்கையோடு இருந்தவர்களுக்குக் குணம் தெரிந்திருக்கிறது. குணம் நிஜம், அதற்கான பெருமைதான் மோட்டாருக்கு உரியதல்ல.

அப்படியானால் வேலை செய்வது எது? ஒரு பெரிய பங்கு மூச்சுக்கு உண்டு. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை இரண்டு விதமாக ஜெபிக்கச் சொன்னார்கள். ஒன்று லத்தீனில் மரியன்னை ஜெபமாலை. மற்றது 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரம். மதம் வேறு, மொழி வேறு, பொருள் வேறு. இரண்டிலும் மூச்சு மட்டும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற வேகத்துக்கு இறங்கி நின்றது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். ரத்த அழுத்தத்தில் சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை இயல்பாக ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. மூச்சும் அதே பத்து நொடிச் சுற்றுக்கு வந்து சேர்ந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. அழுத்தம் கூடினால் இதயத்தைத் தணிக்கும் அனிச்சைச் செயல் அப்போது கூர்மையாகிறது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2001-இல் வந்த ஆய்வு இது. மந்திரத்தை ஒரே மூச்சில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஆபீசுக்கு ஓடுபவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்க வழியில்லை.

மூச்சோடு மூக்கும் சேர்ந்தால் இன்னொன்று நடக்கிறது. கன்னத்துக்குப் பின்னும் நெற்றிக்குள்ளும் இருக்கும் காற்றறைகள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரக்கின்றன. ரத்தக் குழாய்களை விரித்துக் கொடுக்கும் வாயு இது. இதன் பங்கைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சும்மா மூச்சு விட்டால் அந்த அறைக் காற்று மெதுவாகத்தான் வெளியே வரும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தால் அறைக் காற்று அதிர்ந்து வெளியேறுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் இருவரும் 2002-இல் அளந்து பார்த்தபோது, மூக்கு வழியே வரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு கூடியிருந்தது. வண்டு போல ரீங்கரிக்கும் பிராமரி பிராணாயாமம் செய்பவர்களுக்கு இது சந்தோஷமான சேதிதான். ஆனாலும் வாயு கூடியது என்பதிலிருந்து மனம் அமைதியாகிவிட்டது என்று தாவ முடியாது. ரீங்காரத்தில் வெளிமூச்சு தானாக நீள்கிறது. மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணிகிறது. மனதுக்கான பலன் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2011-இல் 12 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சற்று நேரம் 'ஓம்' என்றும், சற்று நேரம் 'ஸ்ஸ்ஸ்' என்றும் ஒலிக்கச் சொன்னார்கள். மூச்சு விடும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஓம் ஒலிக்கும்போது மட்டும், அச்சத்தைக் கையாளும் அமிக்டலா உட்பட, உணர்ச்சியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. ஆக, மூச்சு மட்டும் அல்ல, தொண்டையிலும் காதைச் சுற்றியும் எழும் அதிர்வும் ஏதோ செய்கிறது என்று கருத இடமிருக்கிறது. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆய்வாளர்களே இதை முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள்.

குழப்பம் தொடங்குவது எண்களில். 432 ஹெர்ட்ஸ் பிரபஞ்சத்தின் சுருதி, 528 ஹெர்ட்ஸ் மரபணுவைப் பழுதுபார்க்கும் என்று வாட்ஸாப் பகிர்வுகள் சொல்கின்றன. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு. நொடியோ மனிதன் வகுத்த அளவு. நாளை நொடியை வேறு நீளத்துக்கு மாற்றினால் 432 வேறு எண்ணாகிவிடும். பிரபஞ்சத்துக்கு அதைப் பற்றிக் கவலை இருக்காது. மேற்கத்திய இசையின் ஆதார சுருதியே பல காலம் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்தது. பிரான்ஸ் 1859-இல் அதை 435 என்று நிர்ணயித்தது. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்று ஒப்புக்கொண்டது. எல்லாம் வாத்தியங்கள் ஒத்துப்போவதற்கான ஏற்பாடு. கர்நாடக இசையில் இந்தப் பேச்சே எடுபடாது. பாடகிகள் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள். ஆண்களுக்கு ஒன்று, இரண்டு கட்டை வாகாக இருக்கும். தம்புரா பாடுபவரின் குரலுக்குச் சேர்க்கப்படுகிறது. ஒரே நீலாம்பரி ராகத்தின் ஷட்ஜம் ஆளுக்கு ஆள் வேறு ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கேட்பவருக்கு எல்லாமே நீலாம்பரிதான். 'இந்த ராகத்துக்கு இந்த ஹெர்ட்ஸ், இந்த ஹெர்ட்ஸுக்கு இந்த நோய்' என்று அட்டவணை போடுபவர்கள் எந்தக் கட்டையில் என்று சொல்வதில்லை.

இரு காது ஒலி என்று இன்னொன்று. இடக்காதில் 200, வலக்காதில் 210 ஹெர்ட்ஸ் ஒலித்தால், வெளியே எங்கும் இல்லாத 10 ஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று தலைக்குள் கேட்கும். ஜெர்மனியின் ஹைன்ரிச் வில்ஹெல்ம் டோவே 1839-இலேயே கண்ட விஷயம். மூளையின் மின்னலைகள் அந்தத் துடிப்புக்கு இசைந்துவிடும், அதனால் நினைத்த மனநிலையை வரவழைக்கலாம் என்பது விற்பவர்களின் வாதம். 2023-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று 14 ஆய்வுகளைச் சல்லடை போட்டது. ஐந்து ஆதரித்தன, எட்டு மறுத்தன, ஒன்று இரண்டும் கெட்டான்.

மதிக்கத்தக்க விதிவிலக்கு ஒரே ஓர் எண்ணுக்கு உண்டு: 40. எம்.ஐ.டி.யின் லீ-ஹுவெய் சாய் குழுவினர், அல்சைமர் நோய் உண்டாக்கிய எலிகளுக்கு நொடிக்கு 40 முறை துடிக்கும் ஒளியைக் காட்டியபோது மூளையில் படியும் அமிலாய்டு குறைந்தது என்று 2016-இல் அறிவித்தார்கள். 2019-இல் ஒலியிலும் அதே பலன் கண்டதாகச் சொன்னார்கள். ஆனால் 2023-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கியோர்கி புசாகி குழுவினர் ஒளிச் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. மனிதர்களிடம் சோதனை நடக்கிறது. இது மறதி நோய் பற்றிய ஆராய்ச்சி. யூடியூபின் 40 ஹெர்ட்ஸ் காணொளிக்கு இது நற்சான்றிதழ் ஆகாது.

திபெத்தியக் கிண்ணங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பழமையான திபெத்திய வைத்தியம் என்று விற்கப்பட்டாலும், மேற்கில் இவை பிரபலமானது 1972-இல் ஹென்றி வோல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் வெளியிட்ட இசைத்தட்டுக்குப் பிறகுதான். 2017-இல் அமெரிக்காவில் 62 பேரிடம் செய்த ஆய்வில் பதற்றமும் கோபமும் சோர்வும் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒரு பிரிவு அதில் இல்லை. ரஷ் பல்கலைக்கழகத்தின் அதிராத நாற்காலியை நினைத்துக்கொண்டால் இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று புரியும்.

அதிர்வு எல்லாமே நல்லது என்பதும் இல்லை. 1918-இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர், அமெரிக்காவின் இண்டியானாவில் காற்றுச் சுத்தியல் பிடித்துக் கல் உடைத்தவர்களின் விரல்கள் ரத்தமின்றி வெளுத்து மரத்துப்போனதைப் பதிவு செய்தார். கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், ரத்தக் கட்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதிர்வுப் படுக்கையில் ஏறுவது உசிதமல்ல.

சான்று பலமாக இருக்கும் இடம் ஆடம்பரமே இல்லாத இடம்: மருத்துவமனையின் சாதாரண ஹெட்போன். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் பதற்றத்தை இசை குறைக்கிறதா என்று, 2,051 பேர் பங்கேற்ற 26 சோதனைகளைக் காக்ரேன் அமைப்பின் 2013 அறிக்கை அலசியது. குறைக்கிறது என்பதே விடை. 2015-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு 73 சோதனைகளை எடுத்துக்கொண்டது. அறுவைக்குப் பிந்தைய வலி, பதற்றம், வலிமருந்துத் தேவை மூன்றுமே இசை கேட்டவர்களிடம் குறைந்திருந்தன. எந்த இசை, எப்போது கேட்டார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. பெர்னார்டி 2006-இல் செய்த இன்னொரு ஆய்வு இதற்கு ஒரு வாலைச் சேர்க்கிறது. சிதாரில் வாசித்த இந்திய ராகம் முதல் பீத்தோவன், டெக்னோ வரை ஆறு வகை இசையைக் கேட்கவைத்தார். வேகமான இசை மூச்சையும் இதயத்தையும் விரட்டியது. இடையில் விட்ட இரண்டு நிமிட இடைவெளியில்தான் கேட்பவர்கள் அதிகம் தளர்ந்தார்கள், இசை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடவும்.

ஒலியும் அசைவும் சேர்ந்து ஆளைத் தூங்கவைப்பது தூளி கட்டிய வீடுகளுக்குப் பழைய பாடம். ஜெனீவாவில் 2011-இல் 12 ஆண்களை, நான்கு நொடிக்கு ஒருமுறை ஆடும் கட்டிலில் மதியத் தூக்கம் போடவைத்தார்கள். ஆடாத கட்டிலைவிட விரைவில் தூங்கினார்கள். ஆழ்ந்த உறக்கத்துக்குரிய மூளையலைகளும் கூடின. பெரியவர்களுக்கே இப்படி என்றால் குறைமாதக் குழந்தைக்கு?

நியூயார்க்கின் ஜோவான் லோவி தலைமையில் 11 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 272 குறைமாதக் குழந்தைகளிடம் ஒலியின் பலனைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒலிப்பதிவு எதுவும் கிடையாது, எல்லாம் நேரில் எழுப்பிய ஒலி. உலோக மணிகள் உருளும் வட்டத் தட்டு ஒன்றைக் குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப மெல்லச் சாய்த்தால் கருப்பையின் சளசளப்பு கேட்கும். மரப்பெட்டி ஒன்றை விரலால் தட்டினால் தாயின் இதயத் துடிப்பு. மூன்றாவது தாலாட்டு. வழக்கமான தாலாட்டு அல்ல. பெற்றோருக்கு நெருக்கமான ஏதாவது ஒரு பாட்டைக் கேட்டு வாங்கி, அதைத் தாலாட்டின் நடைக்கு மாற்றிப் பாடினார்கள். வட்டத் தட்டின் ஒலி தூக்கத்தை மாற்றியது. மரப்பெட்டியும் தாலாட்டும் இதயத் துடிப்பைத் தணித்தன. பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டைக் கேட்ட குழந்தைகள் கூடுதலாகப் பால் குடித்தன. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே செய்வதறியாமல் நின்ற தாய் தகப்பன்மார்களின் மன அழுத்தத்தையும் அளந்திருந்தார்கள். அதுவும் குறைந்திருந்தது.